அநியாயமாக! — யார் செய்த அநியாயம்?

சென்ற வாரம் நாம் மதுரை ஜில்லா வாடிப்பட்டியில் தோழர்கள் சிலரைக் கண்டு பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சிற்றூரிலிருந்து சுமார் அறுபது வயதுள்ள பெரியவர் ஒருவர் ஒரு வக்கீல் நோட்டீசை மடியில் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார். நோட்டீசு முழுதும் இங்கிலீஷ். சங்கதி என்னவென்றால், அவர் தெருவில் ஒரு கிழவி இறந்துபோக, தெருவார் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோரமாய், ஒரு தென்னந்தோப்பின் ஓரத்து வழியே சுடுகாட்டுக்குப் போனார்களாம். அந்த வழியாகத்தான் அவருடைய பாட்டன், பூட்டன் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். இப்பொழுது தோப்புக்காரர் கம்பி வேலி போட்டுவிட்டு, "என் நிலத்தில் அநியாயமாய்ப் புகுந்தீர்கள், அநியாயமாய் வரப்பை மிதித்தீர்கள், அநியாயமாய் எனக்கு நஷ்டம் உண்டாக்கினீர்கள்" என்று நோட்டீசு விட்டிருக்கிறார்.

பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அய்யா, இதிலே என்னமோ ஒரே வார்த்தை அஞ்சு எடத்திலே வருதுன்னு பேரப்பய சொல்றான். 'ராங்புல்லி', 'ராங்புல்லி'ன்னு. அதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?"

அநியாயமாக என்று அர்த்தம் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதெ நாங்கல்லய்யா சொல்லணும்?" என்றார்.

நாமும் எத்தனையோ புத்தகங்களைப் புரட்டியிருக்கின்றோம். கல்லூரி வாசலை மிதித்ததில்லையென்றாலும், அகராதியும் சட்டப் புத்தகமும் கையுமாய் இராக் கண் விழித்திருக்கின்றோம். ஆனாலும் அந்தச் சொல்லைப் பற்றி இந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைவிடப் பெரிய கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நாம் கண்டதில்லை. ஆகவே, இந்த வாரம் அந்த ஒரு சொல்லைப் பற்றியே எழுதத் துணிகின்றோம்.

சொல்லின் பிறப்பு

'ராங்' என்பது சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் வட கடல் நாட்டாருடைய பாஷையிலிருந்து இங்கிலீஷில் புகுந்த சொல். அதன் பழைய பொருள் கோணல், முறுக்கல் என்பதாகும். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதற்கு வெள்ளைக்காரர் சொல்லும் சொல்லும் இதற்கு உறவுதான். இதற்கு எதிர்ச்சொல்லான 'ரைட்' என்பதற்கோ ஆதிப் பொருள் நேர், கோணாதது என்பது. அதே சொல்தான் இன்று 'உரிமை' என்ற பொருளிலும் வழங்குகின்றது.

இதில் நாம் வெள்ளைக்காரனுக்கு ஒன்றும் இளைத்தவர்கள் அல்லர். நமது தமிழிலும் நேர் என்பதிலிருந்து நேர்மை வந்தது. வளைவு என்னும் பொருளுடைய 'கொடு' என்பதிலிருந்து கொடுமை வந்தது. வளைந்த கோல் கொடுங்கோல். நிமிர்ந்த கோல் செங்கோல். வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரமே வைத்தார். இன்னும் ஒரு சங்கதி. அநீதிக்கு இங்கிலீஷில் வழங்கும் மற்றொரு சொல் 'இனிக்விடி' என்பது. அது லத்தீனிலிருந்து வந்தது. அதன் நேர்ப் பொருள் 'சமம் இல்லாமை' என்பதேயாகும். அதாவது, எங்கே சமத்துவம் இல்லையோ அங்கே நீதி இல்லை என்பதை அந்தப் பழைய ரோமாபுரிக்காரன் ஒரே சொல்லில் வைத்துவிட்டான். நம் நாட்டிலோ அதைச் சொல்ல மேடை மேடையாய் ஏறி இன்னும் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கின்றது.

நம்மவர் வாயில் அந்தச் சொல்

நிற்க, நம் கிராமத்து ஜனங்கள் 'அநியாயமாக' என்னும் சொல்லை எப்படி வழங்குகிறார்கள் என்று பாருங்கள். "அநியாயமாய்ச் செத்துப் போனான்" என்கிறார்கள். "பிழைப்பு அநியாயமாய்ப் போச்சு" என்கிறார்கள். "அநியாய விலை விற்கிறது" என்கிறார்கள். இந்த வாக்கியங்களில் செத்தவன் இருக்கிறான். பிழைப்பை இழந்தவன் இருக்கிறான். ஆனால் அநியாயம் செய்தவன் எங்கே? தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்கமாட்டான். ஏனென்றால், அவனை வாக்கியத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் தலைவிதியைக் கொண்டுவந்து உட்கார வைத்தாகிவிட்டது. 'போன ஜன்மத்துப் பாவம்', 'எழுத்து அப்படி', 'ஆண்டவன் கண் திறக்கவில்லை' என்று ஒரு பெருமூச்சு. அத்தோடு வழக்கு முடிந்தது! அநியாயம் செய்தவன் நிம்மதியாய் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

தோழர்களே! அநியாயம் என்பது மழை பெய்வது போலத் தானாகப் பெய்வதா? வெயில் அடிப்பது போலத் தானாக அடிப்பதா? அநியாயம் என்றால் அதைச் செய்த ஓர் ஆசாமி கட்டாயம் இருந்தே தீரவேண்டும். அதனால் லாபம் அடைந்தவனும் இருந்தே தீரவேண்டும். இந்த ஆசாமியை மறைப்பதற்குத்தான் கர்ம பலன் என்றும், வருணாசிரமம் என்றும் சாஸ்திரங்கள் உண்டாக்கப்பட்டன என்று சொல்லுகின்றோம்.

மனுதர்மம் என்ன சொல்லுகிறது? இரு பிறப்பாளனைச் சூத்திரன் கடுமொழியால் வைதால் நாக்கை அறுக்க வேண்டும் என்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றம் பிராமணன் செய்தால் தலையைச் சிரைத்துவிட்டால் போதும் என்கிறது. ஒருவனுக்கு நாக்குப் போகிறது. மற்றொருவனுக்கு மயிர் போகிறது. இதற்குப் பெயர் 'தர்மம்'! இப்படிப்பட்ட புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'எங்கள் நாட்டில் ஆதிகாலம் முதல் நியாய சாஸ்திரம் இருந்தது' என்று பெருமை பேசுவதற்கு வெட்கப்பட வேண்டாமா என்று கேட்கின்றோம்.

சட்டம் வந்தது, கோணல் போயிற்றா?

1837-ல் மெக்காலே என்பவர் தலைமையில் ஒரு கமிஷன் தண்டனைச் சட்டத்துக்கு நகல் எழுதிக் கொடுத்தது. 1860-ல் அது சட்டமாகி, 1862 ஜனவரி முதல் தேதி முதல் நடப்புக்கு வந்தது. குற்றத்துக்குத் தண்டனை ஜாதியைப் பார்த்து அல்ல என்று அந்தப் புத்தகம் வைத்தது வாஸ்தவம். அதை நாம் மறைக்கவில்லை. அந்தச் சட்டத்தில்தான் நமது 'ராங்புல்லி' ஏராளமாய்க் குடியேறியது. 339-வது பிரிவு, ஒருவன் எந்தத் திசையில் போக உரிமையுள்ளவனோ அந்தத் திசையில் போகவிடாமல் வேண்டுமென்றே மறித்தால் அது அநியாயமாக மறித்தல் என்றது. 340-வது பிரிவு, ஓர் எல்லைக்குள் அடைத்து அதைத் தாண்டவிடாமல் செய்தால் அது அநியாயமாக அடைத்தல் என்றது. 2024 ஜூலை முதல் தேதி முதல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 'பாரதிய நியாய சன்ஹிதை' என்று வேறு பெயரில் கொண்டுவந்தார்கள். பெயர் சமஸ்கிருதமாயிற்று, இந்த இரண்டு பிரிவுகளும் 126, 127 என்று எண் மாறி அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

இங்கேதான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'போக உரிமையுள்ள திசை' என்கிறதே சட்டம், அந்த உரிமையை யார் எழுதுவது? வழக்கம் எழுதும், மாமூல் எழுதும் என்றால், வழக்கத்தை எழுதியவன் யார்? உரிமை என்னும் கணக்குப் புத்தகம் எவன் கையில் இருக்கிறதோ, அநியாயம் என்னும் சொல்லும் அவன் கையில்தான் இருக்கும். இது வெறும் தர்க்கமல்ல. நமது பக்கத்திலேயே நடந்த கதை.

1897-ல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். கும்பிடத்தான் நுழைந்தார்கள், கொள்ளையடிக்க அல்ல. ஆனால் இராமநாதபுரம் ராஜா கோர்ட்டுக்குப் போனார். நுழைந்தது தப்பு என்பதோடு, கோயிலின் தீட்டைக் கழிக்கும் சடங்குச் செலவையும் கேட்டார்கள். மதுரைக் கோர்ட்டிலும் நாடார்களுக்குத் தோல்வி. சென்னை ஐகோர்ட்டிலும் தோல்வி. கடைசியாய் 1908-ல் சீமையிலுள்ள பிரிவி கவுன்சிலிலும் தோல்வி. பதினொரு வருஷ காலம் கடல் கடந்து பேசப்பட்டதன் முடிவு என்ன? சாமி கும்பிடப் போனவன் அநியாயக்காரன். வாசலில் மறித்தவன் நியாயவான்! சாமி ஒன்றும் சாட்சி சொல்ல வரவில்லை.

சர்க்காரே அடைத்தால்?

இன்னொன்று கேளுங்கள். ஒருவனை அடைத்து வைப்பது குற்றம் என்று 1860-ல் எழுதிய அதே சர்க்கார், 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தது. 1911-ல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நமது மதுரைச் சீமைக் கள்ளர் மக்கள்மேல் அது விழுந்தது. ரேகைச் சட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆண்பிள்ளைகளுக்குக் கை ரேகை உருட்டுவது. இராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லுவது. வெளியூர் போனால் ராதாரிச் சீட்டுக் கேட்பது. புது மாப்பிள்ளைக்கும் விலக்கில்லை. என்ன குற்றம் செய்தான் என்றால், பிறந்தான்! ஒரு கூட்டத்தைக் குற்றக் கூட்டமென்று சர்க்கார் அறிக்கை போட்டுவிட்டால் அது சரியா தப்பா என்று கோர்ட்டு கேட்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது.

1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று ஜனங்கள் எதிர்த்து நின்றபோது போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டுப் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அந்த ஜனங்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் பின்னால் கிளர்ச்சி செய்தனர். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. தேச முழுவதும் 1952-ல் ஒழிந்தது.

இவ்வளவு காலமும் ஆயிரக்கணக்கானவர்களை இராத்தோறும் அடைத்து வைத்தார்களே, அது 'அநியாயமாக அடைத்தல்' ஆகாதா? ஆகாதாம்! ஏனென்றால் சட்டப்படி அடைத்தார்கள். மனு சாஸ்திரத்தைக் காட்டிச் செய்தால் தர்மம். கெஜட்டைக் காட்டிச் செய்தால் சட்டம். இரண்டிலும் மாட்டினவன் ஒருவனே. பிறப்பினால் ஒருவன் அயோக்கியன் என்று மனு சொன்னதற்கும் வெள்ளைக்காரச் சர்க்கார் சொன்னதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்கின்றோம்.

மன்னிப்புச் சட்டம்

1939 ஜூலை 8-ம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் முன்னின்று தாழ்த்தப்பட்ட தோழர்களையும் ஒரு நாடார் தோழரையும் அழைத்துப் போனார். கோயிலுக்குள் போவதால் வயிறு நிறையாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனாலும் போகக் கூடாதென்று ஒருவன் சொல்லும்போது போவதுதான் மானம். நாம் சொல்ல வந்தது அதுவல்ல. அதை ஒட்டிச் சர்க்கார் முதலில் ஓர் அவசரச் சட்டமும் பிறகு முழுச் சட்டமும் கொண்டுவந்தது. அதன் பெயரைப் பாருங்கள்: ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் 'இன்டெம்னிடி' சட்டம். இன்டெம்னிடி என்றால் என்ன? செய்த காரியத்துக்காகத் தண்டனையும் நஷ்ட ஈடும் வராமல் காப்பது. மனிதன் ஒரு பொதுக் கட்டிடத்துக்குள் கால் வைத்ததற்குக் காப்புச் சட்டம்! அத்தனை நூற்றாண்டு வெளியே நிறுத்தி வைத்தவனுக்கு யாதொரு சட்டமும் தேவைப்படவில்லை. அவன் குற்றமே செய்யவில்லை அல்லவா!

கல்லால் எழுதிய 339

வெள்ளைக்காரன் போனான், சுயராஜ்யம் வந்தது. 1950-ல் அரசியல் சட்டம் வந்து, 17-வது பிரிவில் தீண்டாமை ஒழிந்தது என்று எழுதியாகிவிட்டது. பிறகு என்ன நடந்தது?

நமது ஜில்லாவிலேயே உத்தப்புரத்தில் 1989-ல் தாழ்த்தப்பட்டவர் தெருவையும் மற்றவர் தெருவையும் பிரித்து ஒரு நீண்ட சுவர் எழுப்பினார்கள். போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் மறிப்பது என்பதற்கு இதைவிட நேரான உதாரணத்தை மெக்காலேயின் கமிஷன்கூட யோசித்திருக்க முடியாது. ஆனால் 2008 மே 6-ம் தேதி அதன் ஒரு பகுதியை இடித்து வழி விடும்வரை, ஏறக்குறைய 19 வருஷ காலம் அது பகிரங்கமாய் நின்றது. வாய்ப்பேச்சுக் குற்றமல்ல, இராத்திரிக் குற்றமல்ல. சூரிய வெளிச்சத்தில் நின்ற குற்றம். யார் கண்ணிலும் படவில்லையா?

அதே போல உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளைத் தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கியதும், 1996 முதல் 2006 வரை அங்கே தலைவர் தேர்தலே ஒழுங்காய் நடக்கவிடவில்லை. வேட்பு மனுவே வராது. வந்து ஜெயித்தால் உடனே ராஜினாமா. இதில் நமக்கு மனம் கொதிப்பது எதனால் என்றால், அது ரேகைச் சட்டத்தின் கொடுமையை உடம்பில் பட்ட மண். ரேகை உருட்டிய விரலின் மை காய்வதற்கு முன் அந்த விரலையே மற்றொருவனை நோக்கி நீட்டலாமா?

வாடிப்பட்டிப் பெரியவருக்கு நோட்டீசு விட்டவர் பார்ப்பனர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். அவருடைய பாட்டனார் இராத்தோறும் போலீஸ் ஸ்டேஷனில் படுத்து எழுந்தவர் என்று ஊரில் சொன்னார்கள். பாட்டனார் அடைபட்டார், பேரன் வேலி அடைக்கிறார். வருணாசிரமத்தின் தந்திரமே இதுதான். மேலே ஓர் உதை வாங்கினவனுக்குக் கீழே உதைக்க ஒருவனைக் காட்டிவிடும். அவனும் அந்தத் திருப்தியில் மேலே திரும்பிப் பார்க்கமாட்டான். 'எங்களை உயர்ந்த ஜாதியான் மதிக்கவில்லை' என்று மேடையில் பேசிவிட்டு, ஊருக்குத் திரும்பிச் சுடுகாட்டு வழியில் கம்பி வேலி கட்டுகிறவனுக்குச் சுயமரியாதையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உண்டு?

ஓர் ஆக்ஷேபணை

'ஏன் இங்கிலீஷ் சொல்லையும் சட்டத்தையும் கட்டி அழுகிறீர்கள்? நமது மதுரையில் கோவலனை அநியாயமாய்க் கொன்றதற்காகப் பாண்டியன் உயிரையே விடவில்லையா?' என்று புலவர்கள் கேட்பார்கள். அரசன் தன் பிழையை ஒப்புக்கொண்டது பெரிய காரியந்தான். இன்றைய அதிகாரிகள் கற்க வேண்டிய காரியம். ஆனால் கதையை முழுதும் பார்க்க வேண்டும். விசாரணையில்லாமல் ஒருவன் தலை போயிற்று. அதற்குப் பதிலாக ஊரே எரிந்தது. எரிந்தவர்களுக்கு யார் விசாரணை வைத்தது? அந்த நெருப்புக்கும் பார்ப்பாரை விட்டுவிட்டு எரி என்றுதான் உத்தரவு! விசாரியாமல் கொல்லுவது அநியாயமென்றால் விசாரியாமல் எரிப்பதும் அநியாயமே. சாபத்தினாலும் நெருப்பினாலும் வருவது நியாயமல்ல. யார், எதை, யாருக்கு, எப்படிச் செய்தான் என்று கேட்டு அறிவதில் வருவதே நியாயம்.

சொல்லைத் திருப்பிப் பிடித்தவர்கள்

அந்தக் கேள்வி ஒரு நாள் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே நுழைந்தது. 1892-ல் செங்கற்பட்டு கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்பவருடைய அறிக்கையை ஒட்டித் தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனாலும் கடனுக்கும், கள்ளுக்கும், வெற்றுக் காகிதத்தில் வைத்த பெருவிரல் ரேகைக்குமாக நிலம் கை மாறியது. கேட்டால், 'அவனே சம்மதித்துக் கொடுத்தான்' என்றார்கள். அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையை ஒட்டி நடந்த கிளர்ச்சியில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் போலீஸ் குண்டுக்கு இரையானார்கள்.

1989-ல் செய்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் நிலத்தை 'அநியாயமாக' அனுபவிப்பதும், அவர்களை 'அநியாயமாக' வெளியேற்றுவதும் குற்றம் என்றது. அநியாயமாக என்றால் என்ன என்று பழையபடி வக்கீல்கள் விளையாடுவதற்கு இடம் இருந்தது. 2015-ல் அதைத் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் நடத்தினார்கள். அந்தத் திருத்தம் அச்சொல்லுக்கே விளக்கம் எழுதியது. அவன் மனதுக்கு விரோதமாய்ச் செய்தாலும் அநியாயம். சம்மதமின்றிச் செய்தாலும் அநியாயம். சாவுக்கோ காயத்துக்கோ பயங்காட்டிச் சம்மதம் வாங்கினாலும் அநியாயம். பத்திரத்தைப் பொய்யாய் உண்டாக்கினாலும் அநியாயம்! 150 வருஷத்துக்கு மேல் அடித்தவன் பக்கமும் சாயக்கூடிய சொல்லாக இருந்தது, இங்கே அடிபட்டவன் பக்கம் நின்று பேசுகிறது. அதே திருத்தம், சுடுகாட்டையும் பொது வழியையும் மற்றவர்களைப் போல உபயோகிக்கவிடாமல் தாழ்த்தப்பட்டவரைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. இதெல்லாம் எந்த அவதாரமும் வந்து எழுதியதல்ல. மனிதர்கள் கேட்டார்கள், மாய்ந்தார்கள், எழுத வைத்தார்கள்.

ஆனால் சட்டம் வந்துவிட்டதென்று தூங்கிவிடவும் கூடாது. தனியார் வழியை மறிக்கத் தனக்கு உரிமை உண்டென்று நல்லெண்ணத்தோடு நம்பி மறித்தால் அநியாயமாக மறித்தது ஆகாது என்று ஒரு விலக்கும் பழைய 339-ல் இருந்தது. புதிய புத்தகத்திலும் இருக்கிறது. ஜாதியில் பிறந்தவனுக்கு அந்த 'நல்லெண்ணம்' தாய்ப்பாலிலேயே ஊட்டப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

பெரியவருக்கு நாம் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்லுகின்றோம். நோட்டீசைக் கண்டு நடுங்க வேண்டாம். கிழித்துப் போடவும் வேண்டாம். குறித்த தேதிக்குள் பதில் கொடுங்கள். அந்தப் பாதை கிராமக் கணக்கில், புலப்படத்தில் இருக்கிறதா என்று தாலூகா ஆபீசில் நகல் கேளுங்கள். எத்தனை தலைமுறை அந்த வழியே போனது என்று வயதானவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால், 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படித் தாழ்த்தப்பட்டவர்களுக்கு இலவசமாய் வக்கீல் வைக்க வேண்டியது சர்க்காருடைய கடமை, அது பிச்சையல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பதிலிலும் அதே சொல்லை எழுதுங்கள். 'எங்களை அநியாயமாக மறித்தவர் நீர்' என்று எழுதுங்கள்.

இனிமேல் யாராவது 'அநியாயமாய்ப் போயிற்று' என்று பெருமூச்சு விட்டால், நமது தோழர்கள் கூடச் சேர்ந்து பெருமூச்சு விடாமல், மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். செய்தவன் யார்? தடுத்தது எதை? லாபம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் தலைவிதி அந்த வாக்கியத்திலிருந்து எழுந்து ஓடிப்போகும்.

பெரியவர் நோட்டீசை மறுபடியும் மடித்து மடியில் செருகிக்கொண்டார். போகும்போது, "அந்த வார்த்தைய ஒரு காகிதத்திலே தமிழ்லே எழுதிக் குடுங்கய்யா. பேரப்பய படிச்சு வச்சுக்கிறட்டும்" என்றார். எழுதிக் கொடுத்தோம். வாசகர்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தோப்புக்காரர் சொல் அல்ல; நமது சொல்.